பார்வைக்கா, முடிவுக்கா?

அடுக்ககவாசிகளுக்கான இந்தக் கேள்வி–பதில் பகுதிக்கு வழக்கமாக மொட்டை மாடி ஒழுகலையும் கார் நிறுத்தத் தகராறையும் பற்றித்தான் கடிதங்கள் வரும். இந்த மாதம் கமிட்டி மீட்டிங் பற்றியே அதிகம் பேர் எழுதியிருக்கிறீர்கள். பல இடங்களில் புது நிர்வாகக் குழு பொறுப்பேற்றிருக்கிறது என்று தெரிகிறது. அதனால் இம்முறை ஐந்து கடிதங்களும் அதைப் பற்றியவையே.

கேள்வி: அம்மா, மூன்று மாதத்துக்கு முன்பு எங்கள் அசோசியேஷனுக்குச் செயலாளர் ஆனேன். 72 வீடுகள், கமிட்டியில் ஏழு பேர். மாதம் இரண்டாம் ஞாயிறு காலை 10 மணிக்குக் கூடுகிறோம். எழுந்திருக்கும்போது ஒன்றரை ஆகிவிடுகிறது. என்ன முடிவு செய்தோம் என்று வீட்டில் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. அஜெண்டா இல்லாமல் நாங்கள் கூடுவதில்லை. போன மாதத்து அஜெண்டா இது: 1. தண்ணீர் 2. பார்க்கிங் 3. செக்யூரிட்டி 4. லிஃப்ட் 5. பெயின்டிங் 6. இதர. இதில் என்ன தவறு?
— செயலாளர், மேடவாக்கம்

பதில்: தம்பி, உங்கள் தாளில் ஆறு சொற்கள் இருக்கின்றன, ஒரு கேள்விகூட இல்லை. 'தண்ணீர்' என்று எழுதிவிட்டால் ஏழு பேரும் ஏழு தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவருக்கு லாரிச் செலவு கவலை. ஒருவருக்குக் குழாயில் வரும் மஞ்சள் நிறம். இன்னொருவருக்கு மேல்வீட்டில் பால்கனி கழுவிவிடுவது. எல்லாரும் உண்மையைத்தான் பேசுகிறார்கள், ஆனால் எதற்குப் பதில் சொல்கிறோம் என்பது யாருக்கும் தெரியாது.

நான் 29 வருஷம் பேரூராட்சி அலுவலகங்களில் வேலை பார்த்தவள். எழுத்தராகச் சேர்ந்த முதல் வருஷமே மன்றக் கூட்டப் பொருள், அதாவது அஜெண்டா, தயாரிக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. தமிழ் டைப்ரைட்டரில் கார்பன் தாள் வைத்து அடித்து, ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் ஆள் மூலம் கொடுத்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஒவ்வொரு பொருளுக்குக் கீழும் 'அலுவலகக் குறிப்பு' என்று ஒரு பத்தி இருக்கும். விஷயம் என்ன, முன்பு என்ன தீர்மானம் போட்டோம், எவ்வளவு செலவாகும், எந்த நிதியிலிருந்து எடுப்பது என்றெல்லாம் அதில் வரும். குறிப்பின் கடைசி வரி இரண்டில் ஒன்றாக இருக்கும். 'மன்றத்தின் பார்வைக்கு' என்று முடிந்தால் தெரிந்துகொண்டால் போதும். தீர்மானப் புத்தகத்தில் 'பதிவு செய்யப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்' என்று முடிந்தால் அன்றைக்கே ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் குடியிருப்பில் செயலாளராக இருந்தபோது எனக்கு அதிகம் உதவியது அந்தக் கடைசி வரிதான். உங்களுக்கும் அதைத்தான் தருகிறேன். அஜெண்டாவில் எழுதும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே 'பார்வைக்கு' அல்லது 'முடிவுக்கு' என்று எழுதிப் பாருங்கள். எது என்று உங்களுக்கே தெரியவில்லையென்றால், அந்தப் பொருள் கூட்டத்துக்கு வரும் அளவுக்கு இன்னும் பழுக்கவில்லை.

உங்கள் 'தண்ணீரை'யே எடுத்துக்கொள்வோம். நான் எழுதியிருந்தால் அதில் ஒரு பகுதி இப்படி இருந்திருக்கும்:

"பொருள் 2: சம்ப்பையும் (தரையடித் தொட்டி) நான்கு மேல்தொட்டிகளையும் சுத்தம் செய்வது. குறிப்பு: கடைசியாகச் சுத்தம் செய்தது சென்ற நவம்பரில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நம் வழக்கம். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி இணைத்திருக்கிறோம். குறைந்த தொகை கேட்பவர் போன முறை சேற்றைத் தோட்டத்திலேயே கொட்டிவிட்டுப் போனவர். அடுத்தவர் அதை வண்டியில் ஏற்றிப்போகச் சம்மதிக்கிறார். வித்தியாசம் 1,500 ரூபாய். மெயின்டனன்ஸ் கணக்கில் பணம் இருக்கிறது. வேலை நாளன்று காலை 9 முதல் மாலை 4 வரை தண்ணீர் நிற்கும். முடிவுக்கு: இரண்டாமவருக்கே கொடுக்கலாமா? எந்தச் சனிக்கிழமை? நேரம்: 10 நிமிடம்."

இதைப் படித்துவிட்டு வருகிறவர் பாதி முடிவோடுதான் வந்து உட்காருவார். மாற்றுக் கருத்து இருந்தால் அதுவும் இந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கும்.

சுத்தம் செய்வது பற்றி எழுதும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அது கழிவுநீர்த் தொட்டியாக இருந்தால் குறிப்பில் ஒரு வரியைத் தவறாமல் சேருங்கள்: இயந்திரத்தால் மட்டுமே, ஆள் இறங்கக் கூடாது. பாதுகாப்பில்லாமல் மனிதரை அதற்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். விலை குறைவு என்பதற்காக ஒப்புக்கொண்ட கமிட்டியும் அதற்குப் பொறுப்பு. உங்கள் மினிட்ஸ் புக்கில் அந்த வரி இருக்கட்டும்.

அடுத்தது வரிசை. இதில் நான் பட்டுத்தான் கற்றேன். 2019 மார்ச்சில் எங்கள் கமிட்டி கூடியபோது செயலாளர் நான்தான். முதல் பொருளாகப் பார்க்கிங்கை வைத்தேன், சண்டை அதில்தான் அதிகமாக இருந்தது என்பதற்காக. சி பிளாக் படிக்கட்டுக்கு அடியில் நிற்கும் மூன்று பைக்குகள். அதற்கே இரண்டு மணி நேரம் போயிற்று. நாலாவது பொருளாக, மழைநீர் இறங்கும் கிணறுகள் மூன்றையும் தூர் எடுப்பதும் போர்வெல்லை ஆழப்படுத்துவதும் இருந்தன. அது வருவதற்குள் மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். எங்கள் சங்கத்தின் துணைவிதிப்படி கோரம், அதாவது முடிவெடுக்கக் குறைந்தது இருக்க வேண்டியவர்கள், ஐந்து பேர்; மீதி நான்கு பேர்தான். ஏப்ரலுக்குத் தள்ளினோம். ஏப்ரலில் தேர்தல், பரீட்சை, ஊருக்குப் போனவர்கள் என்று மே மாதத்துக்குப் போயிற்று. அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். 12,000 லிட்டர் லாரிக்குப் பணத்தைக் கட்டிவிட்டு நாலு நாள் காத்திருந்தோம். பி பிளாக்கில் கைக்குழந்தையோடு இருந்த பெண் ராத்திரி பதினொரு மணிக்கு வாளியோடு என் கதவைத் தட்டினாள். மார்ச்சில் தூர் எடுத்திருந்தால் லாரியே வேண்டியிருக்காது என்று சொல்ல மாட்டேன், அந்த வருஷம் நிலத்தடியிலும் நீர் இல்லை. ஆனால் ஜூலையில் பெய்த முதல் மழை எங்கள் கிணறுகளில் இறங்காமல் தெருவில் ஓடியது என் அஜெண்டாவின் வரிசையால்தான். அதற்குப் பிறகு எது தள்ளிப்போனால் ஆபத்தோ அதைத்தான் முதலில் வைத்தேன். சத்தம் அதிகமாக இருக்கும் விஷயத்தைக் கடைசிக்கு முன்னால் வைத்து, பக்கத்தில் 20 நிமிடம் என்று எழுதிவிடுவேன்.

உங்கள் 'செக்யூரிட்டி'யும் 'லிஃப்ட்'டும் என்னவென்று கடிதத்திலிருந்து எனக்குப் புரியவில்லை. டூட்டிப் பட்டியல், லிஃப்ட் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆள் வந்துபோன தேதி, பொருளாளரின் மாதக் கணக்கு, பாக்கி விவரம் எல்லாம் 'பார்வைக்கு'. அரைப் பக்கத்தில் எழுதி அஜெண்டாவோடு இணைத்துவிடுங்கள். கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டாம். சந்தேகம் இருப்பவர் மட்டும் கேட்கலாம், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்.

'பெயின்டிங்' ஒரே கூட்டத்துக்குள் அடங்குகிற பொருள் இல்லை. அதை மூன்று மாதத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம்: இந்த வருஷம் அடிப்பதா, விரிசலும் ஒழுகலும் சரிசெய்த பிறகு அடுத்த வருஷமா? இரண்டாம் மாதம்: மதிப்பீடு எவ்வளவு, கார்பஸ் ஃபண்டிலிருந்து (பெரிய செலவுக்கென்று சேர்த்துவைத்த நிதி) எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு? மூன்றாம் மாதம்: பொதுக்குழுவுக்கு என்ன சிபாரிசு செய்வது? ஒவ்வொரு மாதமும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில். நிறம் என்ன என்ற பேச்சை மூன்றாவது கட்டம் முடியும்வரை மேசைக்கே வரவிடாதீர்கள். ஐவரி வேண்டுமா மஞ்சள் வேண்டுமா என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால் மதிப்பீட்டை யாரும் பார்க்க மாட்டார்கள்.

முடிவுக்கான பொருள்கள் ஐந்துக்கு மேல் போக வேண்டாம், மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஞாயிறு கூட்டம் என்றால் புதன்கிழமை இரவுக்குள் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். வாட்ஸாப்பில் போடுங்கள், லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள். கமிட்டியில் இல்லாதவர்களும் படிப்பது நல்லது. எங்கள் குடியிருப்பில் அப்படிப் படித்துவிட்டு, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், நாங்கள் வாங்கவிருந்த மோட்டாரின் குதிரைத்திறன் தேவைக்கு மேல் என்று வியாழக்கிழமையே வந்து சொன்னார்.

கூட்டம் முடிந்த மறுநாளே அடுத்த அஜெண்டாவுக்கு நோட்டில் ஒரு பக்கம் திறந்துவிடுங்கள். வழியில் பிடித்துச் சொல்கிறவர்கள் சொல்வதையெல்லாம் அதில் எழுதுங்கள். புதுப் பொருள்களுக்கெல்லாம் முன்னால், முதல் பொருள் எப்போதும் போன மாத முடிவுகளாக இருக்கட்டும்: யார் செய்வதாக ஒப்புக்கொண்டார், எந்தத் தேதிக்குள், முடிந்ததா? ஆள் பெயர் இல்லாத முடிவை யாரும் செய்வதில்லை.

கேள்வி: எங்கள் கூட்டத்தில் அஜெண்டா அரை மணியில் முடிந்துவிடுகிறது. பிறகு 'இதர' என்ற பொருளில் இரண்டு மணி நேரம். குப்பை, நாய், பக்கத்து மனையின் முள்செடி, கொலுவுக்கு ஹால் கேட்பது எல்லாம் அங்கேதான் வருகிறது. தலைவராக இருந்துகொண்டு யாரையும் பேசாதே என்று சொல்ல மனம் வரவில்லை.
— தலைவர், கொரட்டூர்

பதில்: சார், பேசாதே என்று சொல்ல வேண்டியதில்லை. பேச இன்னொரு இடம் கொடுங்கள்.

மன்றத்தில் நாங்கள் ஒன்றைக் கண்டிப்பாகப் பிரித்து வைத்திருந்தோம். புகார் வேறு, பொருள் வேறு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் அது புகார். லைன்மேனை அனுப்பினால் முடிந்தது. தெருவிளக்கு போட வேண்டிய புதுத் தெரு என்றால் அது பொருள். மன்றம் முடிவு செய்ய வேண்டும். உங்கள் 'இதர'வில் வருவதில் முக்கால்வாசி புகார். வாட்ச்மேன் மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டை வையுங்கள். தேதி, கதவு எண், புகார், பார்த்தவர் கையெழுத்து, சரிசெய்த தேதி என்று ஐந்து பத்தி. மேனேஜர் இருந்தால் அவர், இல்லாவிட்டால் கமிட்டியில் வாரம் ஒருவர் அதைப் பார்க்கட்டும். ஒரே புகார் மூன்று தடவை எழுதப்பட்டிருந்தால் அது பொருளாகிவிட்டது என்று அர்த்தம், அஜெண்டாவுக்கு வரலாம்.

'இதர' என்பதை எடுத்துவிட்டு 'தலைவரின் அனுமதியோடு அவசரப் பொருள்' என்று எழுதுங்கள். லிஃப்ட் நின்றுவிட்டது, போர் மோட்டார் எரிந்துவிட்டது, மதில் சாய்கிறது என்றால் அவசரம். ஹால் கேட்பது அவசரமில்லை, நவராத்திரி எப்போது வரும் என்பது காலண்டரிலேயே இருக்கிறது. மற்றது எதுவாக இருந்தாலும் அங்கேயே, சொன்னவர் கண்ணெதிரே, அடுத்த மாதத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். சொன்னது தாளில் ஏறியதைப் பார்த்துவிட்டால் பெரும்பாலானவர்கள் அமைதியாகிவிடுவார்கள். தாங்கள் சொன்னது காற்றோடு போய்விடுமோ என்ற பயத்தில்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள்.

பக்கத்து மனை முள்செடிக்குக் கமிட்டியால் முடிவெடுக்க முடியாது. மாநகராட்சிக்கு மனு எழுதலாம், அதை நாளைக்கே எழுதலாம்.

கேள்வி: கமிட்டியில் உள்ள ஒன்பது பேரில் நான் ஒருத்திதான் பெண். வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கும் வாட்ச்மேன்களுக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கும் எங்கள் வளாகத்தில் கழிப்பறை கிடையாது. ஏழு மாதமாகச் சொல்கிறேன். 'பார்க்கலாம் மேடம்' என்கிறார்கள், அடுத்த மாத அஜெண்டாவில் அது இருப்பதே இல்லை. கூட்டமும் ஞாயிறு காலை 11 மணிக்கு. சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது.
— வாசகி, பெரும்பாக்கம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இந்த விஷயத்தைக் கேட்க ஒருவர் இருக்கிறீர்கள் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

காலை ஆறரைக்கு வந்து நாலு வீடு முடித்துவிட்டு மதியம் இரண்டு மணிக்குத் திரும்புகிற பெண் அதுவரை எங்கே போவாள்? பல பேர் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் 11 வருஷம் வேலை பார்த்தவருக்கு இதனாலேயே சிறுநீரகத்தில் தொற்று வந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அது எனக்குத் தெரிந்ததே அவர் படுத்த பிறகுதான். நம் வீட்டைத் துடைப்பவருக்கு நம் வளாகத்தில் கதவோடு ஒரு கழிப்பறை இல்லையென்றால், மற்ற எந்த அழகுபடுத்தலைப் பற்றியும் கமிட்டி பேசுவதற்கு முன் அதைத்தான் பேச வேண்டும்.

அஜெண்டாவில் அது ஏன் ஏறவில்லை? நீங்கள் வாயால் சொல்கிறீர்கள். வாயால் சொன்னதை மறந்துவிட யாருக்கும் அனுமதி தேவையில்லை. இந்த முறை குறிப்பை நீங்களே எழுதுங்கள். ஒரு நாள் வாசலில் நின்று எண்ணுங்கள்: காலையிலிருந்து மாலைவரை எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர். பிறகு இடம் பாருங்கள். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலோ, கிளப் ஹவுஸின் கீழ்த்தளத்திலோ பூட்டிக்கிடக்கும் கழிப்பறை பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். பில்டர் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், அதில் 'ஓட்டுநர் கழிப்பறை' என்று காட்டிவிட்டு இப்போது பெயின்ட் டப்பா அடுக்கிவைத்திருக்கும் அறைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிளம்பரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பெண்களுக்குத் தனியாக, உள்தாழ்ப்பாளோடு, குப்பைக்கூடையோடு. தினமும் யார் சுத்தம் செய்வார் என்பதையும் எழுதிவிடுங்கள், முதல் ஆட்சேபம் அங்கிருந்துதான் வரும். கடைசி வரி: 'முடிவுக்கு: இந்தச் செலவை அனுமதிக்கலாமா? வேலை எந்தத் தேதிக்குள் முடியும்?'

அதில் தேதியும் கையெழுத்தும் போட்டு, கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாகச் செயலாளரிடம் கொடுத்து, நகலில் 'பெற்றேன்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழிமொழிய இன்னொரு உறுப்பினரை முன்பே பேசி வையுங்கள். ஒன்பது பேரில் ஒருவராவது இருப்பார். எங்கள் வளாகத்தில் இதே பொருளை நான் வாயால் நாலு தடவை சொல்லித் தோற்றேன். ஐந்தாவது தடவை எண்ணிக்கையோடும் மதிப்பீட்டோடும் வைத்தபோது பன்னிரண்டு நிமிடத்தில் நிறைவேறியது. எதிர்ப்பார் என்று நான் நினைத்திருந்த ஒருவர்தான் வழிமொழிந்தார். கையில் தாள் இல்லாததால்தான் அவர் அதுவரை வாய் திறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

நேரத்தைப் பற்றி: அதையும் ஒரு பொருளாகவே வையுங்கள். 'முடிவுக்கு: கூட்டத்தைச் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மாற்றலாமா?' சமையல் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் கமிட்டிக்கு வருவதில்லை என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முடிவுக்கு முன்பும் தலைவர் வரிசையாக ஒவ்வொருவரிடமும் 'உங்கள் கருத்து?' என்று கேட்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குரல் உயர்ந்தவர்கள் மட்டுமே பேசுகிற கூட்டத்தில் அந்த ஒரு சுற்று பெரிய மாற்றம்.

கழிப்பறை கட்டி முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: மெயின்டனன்ஸை 7,200 ரூபாயிலிருந்து 8,000 ஆக்க வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு. கமிட்டியே முடிவு செய்துவிடலாம் என்கிறார் பொருளாளர். பொதுக்குழுவுக்குப் போக வேண்டும் என்கிறேன் நான். 110 வீடுகள். யார் சொல்வது சரி?
— இணைச் செயலாளர், துரைப்பாக்கம்

பதில்: உங்கள் துணைவிதியை எடுத்துப் பாருங்கள், பதில் அதில்தான் இருக்கும். பல துணைவிதிகளில் இத்தனை ரூபாய் வரை கமிட்டி, அதற்கு மேல் பொதுக்குழு என்று வரம்பு இருக்கும். அதில் ஒன்றும் எழுதியிராவிட்டாலும், எல்லா வீட்டுக்காரரின் பையிலிருந்தும் போகிற தொகையைப் பொதுக்குழுவுக்குக் கொண்டுபோவதுதான் முறை. கமிட்டி அஜெண்டாவில் அது 'பொதுக்குழுவுக்குச் சிபாரிசு செய்யலாமா?' என்ற கேள்வியாக வர வேண்டும்.

ஆனால் உங்கள் தொகைக்கு நடுவே ஒரு கோடு ஓடுகிறது, கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. ஒரு உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை மெயின்டனன்ஸுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. தொகை அதைத் தாண்டி, அசோசியேஷனின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத வரி வரும். 110 வீடுகள் என்றால் 20 லட்சத்தை நீங்கள் மூன்று மாதத்திலேயே தாண்டிவிடுவீர்கள். 7,500க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்புச் சொன்னது. முழுத் தொகைக்கும் என்று கணக்கிட்டால் 8,000க்கு வரி 1,440 ரூபாய், மேற்பட்டதற்கு மட்டும் என்றால் 90 ரூபாய். உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்கிக் குறிப்போடு இணையுங்கள். 7,500இலேயே நிறுத்திக்கொண்டு டீசல் செலவைக் குறைக்க முடியுமா என்பதும் அதே குறிப்பில் இரண்டாவது வழியாக வரட்டும். இந்தத் தாள் இல்லாமல் பொதுக்குழுவுக்குப் போனால், அங்கே யாராவது ஒருவர் எழுந்து ஜி.எஸ்.டி. என்ற சொல்லைச் சொன்னதும் கூட்டம் அத்தோடு முடிந்துவிடும்.

பொதுக்குழுவுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வேண்டும். எங்கள் துணைவிதியில் 21 நாள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கம் என்றால், நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், அதாவது செப்டம்பர் 30க்குள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வாருங்கள். ஆகஸ்டில் பொதுக்குழு, ஜூலையில் அறிவிப்பு, ஜூனில் தணிக்கையான கணக்கு கமிட்டியின் பார்வைக்கும் முடிவுக்கும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதே சட்டம். முடியும் மாதத்தை இப்போதே நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

இப்படி மாதத்தோடு ஒட்டிய பொருள்கள் இன்னும் உண்டு. எங்கள் ஆகஸ்ட் அஜெண்டாவில் மழைக்கால வேலை தானாகவே வந்துவிடும்: மொட்டை மாடி வடிகுழாய், மழைநீர்க் கிணறு தூர், மோட்டார் பேனல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் மோட்டார் பேனல் தண்ணீரில் மூழ்கி, மூன்று நாள் மேலே தண்ணீர் ஏற்ற முடியவில்லை. இப்போது அது தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் பக்கம் சதுப்பு நிலத்தை ஒட்டியது, உங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

கேள்வி: எங்கள் கட்டடத்தில் மொத்தமே எட்டு வீடுகள். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்கட்டில் பார்க்கும்போதே பேசிக்கொள்கிறோம். எங்களுக்கும் அஜெண்டா தேவையா?
— இல்லத்தரசி, குரோம்பேட்டை

பதில்: தேவைதான் அம்மா, அரைத் தாள் போதும். படிக்கட்டில் பேசும்போது அங்கே இல்லாத இரண்டு வீட்டுக்காரர்களுக்கு விஷயம் கடைசியில்தான் தெரியும், பெரும்பாலும் பணம் கேட்கும்போது. மனத்தாங்கல் அங்கே ஆரம்பிக்கும். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்கும் அந்த அரைத் தாள் போக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுங்கள், முக்கால் மணி நேரம். முதல் கூட்டத்துக்கு நானே ஒரு பொருள் தருகிறேன். பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொது மின் இணைப்புக்குக் கட்டணத்தைக் குறைத்து அரசு 2023 அக்டோபரில் அறிவித்தது. யூனிட்டுக்கு 8 ரூபாயாக இருந்தது அப்போது 5 ரூபாய் 50 காசாக ஆனது. உங்கள் கட்டடம் அதற்குள் வருகிறது. உங்கள் பொது மீட்டரின் பில் எந்தக் கட்டணப் பிரிவில் வருகிறது என்று பாருங்கள். பழைய பிரிவிலேயே இருந்தால், 'முடிவுக்கு: பிரிவை மாற்ற மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் யார் விண்ணப்பம் கொடுப்பது, எந்தத் தேதிக்குள்?' என்று எழுதி, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.